இடம் ஒதுக்கும் முதுமை: தமிழ் இலக்கியத்தில் இறுதிப் பருவமும் நம்பிக்கையும்

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் முதுமை பெரிதும் நிலையாமைக் கருத்தின் வழியாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. நாலடியாரின் தொடக்கத்தில் அமைந்த செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்னும் மூன்று அதிகாரங்கள் இவ்வாய்வுகளுக்கு முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. அவற்றில் முதியவர் பெரும்பாலும் காட்சிப் பொருளாகவே வருகிறார். நரையும் திரையும் ஊன்றுகோலும் இளைஞருக்கு அறம் உணர்த்தும் கருவிகள் ஆகின்றன. அம்முதியவர் தம் எஞ்சிய நாள்களை எதை நோக்கிக் கழிக்கிறார் என்ற வினா அங்கு எழுவதில்லை. உடலைக் கண்டு இளைஞர் அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம் ஆதலால் எழவேண்டிய தேவையும் இல்லை.

ஆயினும் தமிழ் இலக்கியத்தில் வேறொரு மரபும் உண்டு. அதில் இறுதியை அணுகிய மனிதர் தாமே பேசுகின்றனர். எவரையேனும் அல்லது எதையேனும் எதிர்நோக்கி இருக்கின்றனர். இம்மரபின் சில பனுவல்களை எடுத்துக்கொண்டு, வாழ்வின் முடிவை அறிந்த ஒருவரிடத்து நம்பிக்கை எவ்வாறு நிலைபெறுகிறது என்று இக்கட்டுரை ஆராய்கிறது. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் தொடர்பான பாடல்களும் தொடித்தலை விழுத்தண்டினார் பாடலும், பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரின் கயிலைப் பயணமும், புதுமைப்பித்தன், ஜெயகாந்தன், கி. ராஜநாராயணன் ஆகியோரின் புனைகதைகளும் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றன. இப்பனுவல்களில் நம்பிக்கை என்பது ஆயுள் நீளும் என்ற எதிர்பார்ப்பு அன்று. தமக்குப் பின்னரும் தம்மருகிலும் மற்றொருவருக்கோ மற்றொன்றுக்கோ இடம் ஒதுக்கி வைக்கும் செயல் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இன்றைய தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் ஒரு சொல்லே இறைப்பற்று, ஒருவர்மீது கொள்ளும் நம்பகம், ஒரு கூற்று உண்மையென ஏற்றல், வருங்காலத்தைப் பற்றிய நல்லெதிர்பார்ப்பு ஆகிய நான்கையும் சுட்டுகிறது. இதனால் விளையும் குழப்பத்தைத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பழைய மொழிபெயர்ப்பு கூறிய மூன்றையும் அண்மைக்காலப் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று கூறுகிறது. முன்னதில் இரண்டாவது இடத்தில் நின்ற சொல், பின்னதில் முதலிடத்திற்குப் பெயர்ந்து வேறு பொருளை ஏற்றுக்கொண்டது. ஒரே சொல் இவ்வாறு இடம்பெயர முடிந்ததற்குக் காரணம் அச்சொல்லின் பரப்பே ஆகும்.

தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்கு ‘நசை’ என்று பொருள் தருகிறது. நசை என்பது விருப்பம். குறுந்தொகையில் தலைவன் தலைவியிடம் கொண்ட அன்பைக் குறிக்கவும் அச்சொல் ஆளப்படுகிறது. ஆகவே, நம்பிக்கையின் வேரில் முன்கணிப்பு இல்லை, பற்று இருக்கிறது. ‘இது நடக்கும்’ என்று கணித்தலைவிட, ‘இது எனக்கு வேண்டும்’ என்று ஒன்றின்பால் சாய்தலே இச்சொல்லின் பழம்பொருள். ஆசையை அறுக்கச் சொல்லும் துறவற மரபு, முதுமையில் நம்பிக்கையைப் பற்றிப் பேச இடர்ப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நசையை விட்டவர் எதை நோக்குவார்?

மேலைநாட்டுச் சிந்தனையிலும் இவ்விடர்ப்பாடு வேறொரு வடிவில் உள்ளது. மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பகுத்த உளவியலாளர் எரிக் எரிக்சன், நம்பிக்கையை மழலைப் பருவத்தின் பண்பாகவும் மெய்யறிவை முதுமையின் பண்பாகவும் வைத்தார். அவருடைய மனைவி ஜோன் எரிக்சன், 1997-இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பில், மிகு முதுமைக்கென ஒன்பதாம் கட்டத்தைச் சேர்த்தார். உடல் தளர்ந்து முன்னைய வெற்றிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவும் அக்கட்டத்தில் மழலைப் பருவத்து அடிப்படை நம்பகமே மீண்டும் துணைநிற்கிறது என்றும் எழுதினார். தொண்ணூறு வயதைக் கடந்தவர் எழுதிய திருத்தம் அது. முதுமைக்குத் தெளிவு போதும், நம்பிக்கை இளையோருக்கு உரியது என்னும் பகுப்பு, முதுமைக்குள் நுழைந்தவருக்குப் போதவில்லை என்பது இதனால் புலனாகும்.

2. கோப்பெருஞ்சோழன் கேட்ட இடம்

தன் மக்களோடு ஏற்பட்ட பகையின் விளைவாக வடக்கிருக்கத் துணிந்தவன் கோப்பெருஞ்சோழன். அவன் வயதைப் பாடல்கள் கூறவில்லை. வளர்ந்து தந்தையையே எதிர்க்கும் மக்களை உடையவன் என்பதும், வாழ்வு இன்னும் சில நாள்களே என்பதைத் தானே வகுத்துக்கொண்டவன் என்பதும் நம் ஆய்வுக்குப் போதுமானவை. இவன் பாடிய 214, 215, 216 ஆகிய மூன்று புறப்பாடல்களையும் தொடர்ச்சியாகப் படித்தால், நம்பிக்கை படிப்படியாகக் குறுகி, குறுகக் குறுக உறுதி பெறுவதைக் காணலாம்.

பொருண்மொழிக்காஞ்சித் துறையில் அமைந்த 214-ஆம் பாடலில், நல்வினை செய்வதா வேண்டாவா என்று ஐயுறுவோரைப் பார்த்து அரசன் பேசுகிறான். யானையை வேட்டையாடச் சென்றவன் யானையைப் பெறவும் கூடும். சிறு பறவையைத் தேடிச் சென்றவன் வெறுங்கையோடு திரும்பவும் கூடும். ஆகவே உயர்ந்ததையே நாடுக என்கிறான். அதன்பின் அவன் அடுக்கும் பயன்கள் கருதத்தக்கவை. மேலுலக இன்பம் கிட்டலாம். அது இல்லையெனில் பிறவாமை கிட்டலாம். அதுவும் இல்லையெனில் புகழுடம்பேனும் எஞ்சும். மறுமையை அவன் உறுதியாகக் கூறவில்லை. ஒன்று பொய்த்தால் மற்றொன்று என்று மூன்று நிலைகளைக் காட்டுகிறான். ஐயத்தை நீக்க முயலாமல், ஐயத்தோடு சேர்ந்தே செயற்படும் நம்பிக்கை இது.

215-ஆம் பாடலில் பொதுநிலை நீங்குகிறது. மேலுலகம் பற்றிய பேச்சு இல்லை. பாண்டிநாட்டில் பிசிர் என்னும் ஊரில் வாழும் ஆந்தையார் என்ற ஒருவர் மட்டுமே இருக்கிறார். இப்பாடலில் உரையாசிரியர்கள் பெரிதும் கடந்துசென்ற ஒரு செய்தி உண்டு. உண்ணாநோன்பு பூண்ட அரசன், நண்பனின் நாட்டை உணவால் அடையாளம் காட்டுகிறான். குற்றிய வரகின் சோறு, வேளைப்பூவும் வெண்தயிரும் சேர்த்து ஆய்மகள் சமைத்த புளிப்பான கூழ், அவரை கொய்வோர் அதை வயிறார உண்ணுதல் என்று பாடலின் முற்பகுதி முழுவதும் ஓர் ஏழை விருந்து விரிகிறது. தான் உணவை மறுத்தவன், பிறர் உண்பதைச் சுவையோடு நினைக்கிறான். உலகை வெறுத்து அவன் வடக்கிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த நண்பனைத் தன் உயிரைப் பேணுபவன் என்றும் சுட்டுகிறான். உயிரை விடத் துணிந்தவன், தன் உயிரைக் காப்பவன் ஒருவன் உண்டு என்கிறான். உயிர் என்பது மூச்சு மட்டும் எனக் கொண்டால் இக்கூற்று முரண். உயிர் என்பது உறவில் தங்கியிருப்பது எனக் கொண்டால் முரண் இல்லை.

216-ஆம் பாடல், சுற்றி இருப்போரின் ஐயத்தோடு தொடங்குகிறது. பல்லாண்டுக் காலம் கேள்வியால் மட்டுமே அறிந்தவர்கள். ஒருமுறையும் நேரிற் கண்டதில்லை. இத்தகைய வேளையில் அவர் வருவாரா என்கின்றனர். அரசன் தரும் விடையில் வருகையைக் கணிக்கும் சான்று எதுவும் இல்லை. நண்பனின் இயல்பு மட்டுமே உள்ளது. பொய்யை வெறுப்பவன், பிணித்த நட்பினன், தன் பெயரைக் கேட்டால் என் பெயரையே தன் பெயராகக் கூறுபவன் என்கிறான். இறுதியில் அவனுக்கு ஓர் இடம் ஒதுக்குமாறு பணிக்கிறான். 214-இல் மேலுலகு வரை விரிந்த நோக்கு, இங்கு ஓர் ஆள் அமரும் அளவுள்ள தரையில் வந்து நிற்கிறது.

இங்கு ஒரு வினா எழும். ஆந்தையார் வராமற் போயிருந்தால் இந்நம்பிக்கை பேதைமை ஆகியிருக்காதா? அவர் வந்த செய்தி 217-ஆம் பாடலில் பொத்தியார் வாய்மொழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அரசன் துறந்தது வியப்பு. வேற்று நாட்டுச் சான்றோன் நட்பையே துணையாகக் கொண்டு வந்தது அதனினும் வியப்பு. வருவான் என்று அரசன் துணிந்ததும் அத்துணிவு பழுதாகாமல் அவன் வந்ததும் எல்லாவற்றினும் வியப்பு என்பது பொத்தியார் கூற்று. அவருடைய வியப்பில் நம்பியவனின் துணிவு வந்தவனின் வருகைக்கு முன்னே வைக்கப்படுவதைக் காண்க. 216-ஆம் பாடல் வருகைக்கு முன் பாடப்பட்டது. அப்பாடலின் மெய்ம்மை, பின்னர் நிகழ்ந்ததைச் சார்ந்திருக்கவில்லை. இடம் ஒதுக்கப்பட்ட பொழுதே நம்பிக்கை தன் செயலைச் செய்து முடித்துவிட்டது.

இத்தொடரின் எஞ்சிய பகுதியும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. தன்னோடு வடக்கிருக்க விரும்பிய பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக என்று சொல்லி அரசன் திருப்பி அனுப்புகிறான். பின்னர் வந்த பொத்தியார், நடுகல்லாகிவிட்ட அரசனிடம் தனக்குரிய இடம் எது என்று கேட்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்கு உலகில் ஓர் இடம், திரும்பி வரும் நண்பனுக்குக் கல்லருகில் ஓர் இடம் என இறப்பைச் சூழ்ந்த இப்பாடல்களெல்லாம் இடத்தைப் பற்றியே பேசுகின்றன.

3. இருமலுக்கிடையே ஒரு நீண்ட தொடர்

தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடல் (புறம். 243), கையறுநிலைத் துறையில் வைக்கப்பட்டுள்ளது. தலைவன் இறந்தமைக்குச் செயலற்று வருந்துதல் கையறுநிலை. இங்கே இறந்தது முதியவரின் இளமை. மணற்பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்தில் நீராடும் பெண்களோடு கைகோத்து ஆடியது, மறைப்பு அறியாத தோழரோடு மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறிக் கரையில் நிற்போர் மருளுமாறு ஆழ்நீரில் குதித்தது, அடியில் மூழ்கி மணல் அள்ளிவந்தது ஆகியவற்றை நினைவுகூர்ந்து, பூண் தலையுடைய தடியை ஊன்றி நடுங்கும் எமக்கு அவ்விளமை இப்போது எங்கு உளது என்று கேட்கிறார்.

இப்பாடலை நம்பிக்கையின் பாடலாகக் கொள்வது பொருந்துமா? மேற்பார்வைக்கு இது இழப்பின் பாடல் மட்டுமே. ஆனால் இதன் கட்டமைப்பை உற்று நோக்குதல் வேண்டும். தம்முடைய பேச்சு இருமலுக்கு இடையே வரும் சில சொற்களே என்று முதியவர் கூறுகிறார். அவ்வாறு கூறுபவரின் பாடலோ மூச்சு விடாமல் ஓடுகிறது. பதினான்கு அடிகளுள் ஏறத்தாழ ஒன்பது அடிகள், வினையெச்சங்கள் ஒன்றையொன்று பற்றித் தொடர, இளமை என்னும் ஒரு பெயரில் சென்று முடிகின்றன. சூட்டி, பிணைந்து, ஏறி, பாய்ந்து, மூழ்கி என்னும் அத்தொடரில் இருமலுக்கு இடமே இல்லை. முதுமைக்குக் கிடைத்தவை இறுதி மூன்றடிகள் மட்டுமே. உடல் இழந்த மூச்சைப் பாடல் தொடரமைப்பில் மீட்டெடுக்கிறது.

முதியோர் பழமையை மீண்டும் மீண்டும் பேசுதல் அறிவுத் தளர்ச்சியின் அறிகுறி என்ற கருத்தை அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர் 1963-இல் மறுத்தார். இறுதியை உணர்ந்த உள்ளம் தன் வாழ்வை மீள்நோக்கி ஒழுங்குபடுத்தும் இயல்பான முயற்சி அது என்றார். இப்பாடலுக்கு அவ்விளக்கம் ஓரளவே பொருந்தும். முதியவர் இங்கே தம் வாழ்வை ஒழுங்குபடுத்தவில்லை. இல்லறம், பொருள், வெற்றி, தோல்வி எதுவும் பாடலில் இல்லை. பயனற்ற ஒரு விளையாட்டு மட்டுமே உள்ளது. அன்று கரையில் நின்று மருண்டவர்களின் இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். முதியவர் மீண்டும் ஒருமுறை ஆழத்துள் குதித்து, கைநிறைய மணலோடு மேலே வந்து காட்டுகிறார். தம்மை ‘யாம்’ என்று பன்மையிற் கூறுவதும் கருதத்தக்கது. முதுமையின் தனிமையைப் பாடும் கவிதை, தனிமொழியாக இல்லாமல் ஒரு கூட்டத்தின் குரலாகிறது. எதிர்காலத்தை நோக்காத நம்பிக்கையும் உண்டு என்பதற்கு இப்பாடல் சான்று. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற துணிவே அது.

4. அப்பரின் பயணமும் உழவாரமும்

சேக்கிழார் பாடிய திருநாவுக்கரசர் புராணத்தில் கயிலைப் பயணம் இறுதிப் பகுதிக்குரியது. அப்பர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. காளத்தியை வணங்கிய பின்னர்க் கயிலைக் காட்சியை விழைந்து அவர் வடதிசை செல்கிறார். கால்கள் தேய்ந்தபின் கைகளால் செல்கிறார். கைகள் தேய்ந்தபின் மார்பினால் ஊர்கிறார். அதுவும் இயலாதபோது உடலைப் புரட்டிச் செல்கிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிட உடலால் கயிலையை அடைதல் அரிது, மீள்க என்கிறான். மாளும் இவ்வுடலோடு காணாமல் மீளேன் என்பது அப்பர் விடை. பின்னர் அங்குள்ள பொய்கையில் மூழ்குமாறு ஆணை பிறக்கிறது. மூழ்கியவர் எழுந்த இடம் திருவையாறு. அங்கே களிறும் பிடியும், சேவலும் பெடையுமாக இணைந்து வரும் உயிர்களிடத்தில் சத்தியையும் சிவத்தையும் கண்டு, கயிலைக் காட்சியைப் பெறுகிறார்.

பக்தி நோக்கில் இது அருளின் கதை. நம்பிக்கையின் இயக்கம் என்ற நோக்கில் படித்தால் வேறொன்று தெரிகிறது. முனிவர் கூறியது பொய்யன்று. அப்பர் கயிலை மலையை அடையவே இல்லை. அவருடைய நசையும் கைவிடப்படவில்லை. விரும்பியது கிட்டியது, விரும்பிய இடத்தில் கிட்டவில்லை. தொலைவில் இருந்த இலக்கு, ஏற்கெனவே நன்கு அறிந்த காவிரிக்கரை ஊருக்கு வந்து சேர்கிறது. மருத்துவரின் ‘இனி இயலாது’ என்ற சொல்லுக்குப் பின்னரும் நம்பிக்கை எவ்வாறு எஞ்சும் என்று வினவுவோருக்கு, இக்காப்பியப் பகுதி கருதத்தக்க ஒரு விடையைத் தருகிறது. இலக்கைப் பொய்யாக்காமலும் உடலின் எல்லையை மறுக்காமலும் நம்பிக்கை தன் இடத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

காட்சிக்குப் பின்னும் அப்பரின் வாழ்வு முடியவில்லை என்பது சேக்கிழாரின் நுண்மை. அவர் திருப்புகலூருக்கு வந்து, கோயில் முற்றத்தில் உழவாரத்தால் புல் செதுக்குகிறார். மண்ணிலிருந்து பொன்னும் மணியும் வெளிப்படும்போது, அவற்றை உழவாரத்திலேயே ஏந்திக் குளத்தில் எறிகிறார். உயர்ந்த காட்சியைப் பெற்ற முதியவரின் இறுதி நாள்கள் அன்றாடக் கைவேலையில் கழிகின்றன. பிறர் நடக்கும் வழியைச் சீர்செய்யும் வேலை அது.

5. தற்காலப் புனைகதையின் மூன்று மூதாட்டியர்

தற்கால இலக்கியத்தில் முதுமையின் நம்பிக்கை பெரும்பாலும் பெண்களிடம் வந்து சேர்கிறது. புதுமைப்பித்தனின் ‘காலனும் கிழவியும்’ கதையில், உயிர் கவர வந்த எமனைக் கிழவி அச்சமின்றி எதிர்கொண்டு, வாதத்தில் மடக்கித் திருப்பி அனுப்புகிறாள். உயிரை எடுக்கலாம், ஒன்றை வேறொன்றாக மாற்றலாம். அடியோடு இல்லாமல் ஆக்க உன்னால் இயலுமா என்பது அவள் வாதத்தின் சாரம். இக்கதையைப் பகடி என்று மட்டும் படிப்பது குறைவுடையது. பண்டைக் காஞ்சிப் பாடல்களில் முதியோரை அச்சுறுத்த வரும் கூற்றுவன், இங்கு முதியவளின் முன் விடையின்றி நிற்கிறான். எவரையும் எதிர்நோக்காத முதுமைக்கும் நம்பிக்கை உண்டு என்று காட்டுவது இக்கதையின் சிறப்பு. கோப்பெருஞ்சோழன் பாடல்கள் மட்டுமே இருந்திருப்பின், வருவதற்கு ஓர் ஆந்தையார் இல்லாதவரின் நிலை என்ன என்ற வினாவுக்கு விடையிராது.

ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யில் வரும் கௌரிப் பாட்டி இதற்கு மறுதலையானவள். இளமையிலேயே கைம்பெண்ணாகித் தலை மழித்து, ஆசாரத்தின் எல்லா விதிகளையும் ஏற்று வாழ்ந்தவள். கைம்பெண்ணான அவளுடைய பேத்தி கீதா, நெய்வேலியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறாள். மறுமணம் செய்துகொள்ள முடிவு செய்து தந்தைக்குக் கடிதம் எழுதுகிறாள். மகளை இறந்தவளாகக் கருதத் துணிகிறார் தந்தை. பாட்டியோ தன் பையை எடுத்துக்கொண்டு பேத்தியிடமே திரும்பிச் செல்கிறாள். இக்கதையைச் சீர்திருத்தக் கதையாகவே திறனாய்வாளர் பலரும் மதிப்பிட்டுள்ளனர். முதுமையின் கதையாகப் படிக்கும்போது பாட்டியின் முடிவு வேறு ஆழம் பெறுகிறது. அவள் தன் வாழ்வைப் பிழையென்று அறிவிக்கவில்லை; தன் ஆசாரத்தையும் கைவிடவில்லை. தான் வாழ முடியாத ஒரு வாழ்க்கைக்குத் தன்னருகில் இடம் தருகிறாள். அவ்வாழ்க்கையால் தனக்குப் பயன் ஏதுமில்லை என்பதை அறிந்தே தருகிறாள். எஞ்சிய நாள்களின் எண்ணிக்கை இங்கே பொருட்டே அன்று.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வெளிவந்தது. அதில் வரும் மங்கத்தாயாரு அம்மாளுக்கு வயது 137. தெலுங்கு நாட்டிலிருந்து ஆட்சியாளரின் கொடுமைக்கு அஞ்சித் தெற்கு நோக்கி ஓடிவந்த குடிகளின் கதை அவளிடம் தங்கியிருக்கிறது. உடலால் எதையும் செய்ய இயலாத அவள், குடும்பத்துக்கும் ஊருக்கும் தேவையானவளாக இருப்பது அக்கதையின் காப்பாளர் என்பதனாலேயே. கரிசல் மண்ணில் பிறந்த தலைமுறைகளுக்குத் தாம் ஏன் இங்கு இருக்கிறோம் என்பதைக் கூறுபவள் அவளே. இந்நாவல் புலம்பெயர் சமூகத்தின் இலக்கியமாக இன்னும் போதிய அளவு படிக்கப்படவில்லை. ஊரைவிட்டு ஓடிவந்த முதல் தலைமுறையின் கடைசி நினைவு எவரிடம் கைமாறுகிறது என்பது நம் எல்லோருடைய வினாவும் ஆகும்.

6. இன்றைய பொருத்தம்

இவ்வாய்வு பழம்பனுவல்களின் நயம் காட்டுவதோடு நிற்க இயலாது. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பல பத்தாண்டுகளுக்கு முன் வெளியேறியவர்கள் இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் முதுமையை எய்தியுள்ளனர். அந்நாடுகளின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அவர்களுடைய இறுதி நாள்கள் கழிகின்றன. சிசிலி சான்டர்ஸ் 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் நோயாளர் இல்லத்தைத் திறந்ததிலிருந்து வளர்ந்துவந்த தணிப்புப் பராமரிப்பு மரபில், நோயாளி எதை நம்பியிருக்கிறார், எதை விரும்புகிறார் என்று கேட்பது முக்கியமான கடமை. அவ்வினா தமிழில் பெயர்க்கப்படும்போது என்ன ஆகிறது? ‘உங்கள் நம்பிக்கை என்ன’ என்று கேட்டால், முதியவர் தம் சமயத்தைக் கூறுவார். ‘நம்பிக்கையோடு இருக்கிறீர்களா’ என்று கேட்டால், குணமாகிவிடும் என்று நம்புகிறீர்களா என்றே அது ஒலிக்கும். கேட்கப்பட்ட வினா முதியவரைச் சென்று சேர்வதே இல்லை.

இதனோடு தொடர்புடைய மற்றொரு வழக்கமும் உண்டு. நோயின் உண்மை நிலையை முதியவரிடம் கூறவேண்டாம் என்று பிள்ளைகள் மருத்துவரை வேண்டுவது நம் குடும்பங்களில் அரிதன்று. சொன்னால் நம்பிக்கை இழந்துவிடுவார் என்பதே அவர்கள் கூறும் காரணம். அவ்வேண்டுகோளின் பின்னுள்ள அன்பை எவரும் ஐயுற முடியாது. ஆனால் அறியாமையின் மீதுதான் நம்பிக்கை நிற்கும் என்னும் அதன் முற்கோளைத் தமிழ் மரபின்மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. கோப்பெருஞ்சோழன் தன் முடிவை அறிந்திருந்தான். அப்பர் தம் உடல் மாள்வது என்பதைத் தம் வாயாலேயே கூறினார். கௌரிப் பாட்டி தன் காலம் கடந்துவிட்டதை அறிந்தவள். மூவரிடத்தும் அறிவு நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. எதை நோக்குவது என்பதைத் தெளிவாக்கியது. மெய்யை மறைக்கும்போது, யாருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கூறும் வாய்ப்பையும் சேர்த்தே முதியவர் இழக்கிறார். யாரை வரச்சொல்ல வேண்டும், யாரோடு பேச்சை மீண்டும் தொடங்க வேண்டும், எந்தக் கதையை யாரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பன காலம் வேண்டும் செயல்கள். எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் வெளியிட்ட நூலில், இறக்கும் நோயாளரிடம் எல்லாக் கட்டங்களிலும் நம்பிக்கை ஏதேனும் ஒரு வடிவில் எஞ்சுவதைக் குறிப்பிட்டார். அவ்வடிவம் எது என்பதைக் கேட்டறிய, உண்மை பேசும் சூழல் தேவை.

இலக்கியச் சான்றுகளை மருத்துவ விதிகளாக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வடக்கிருத்தலை இன்று எவரும் பரிந்துரைக்க முடியாது. காப்பிய நாயகரின் உறுதியை நோயுற்ற ஒருவரிடம் எதிர்பார்ப்பது கொடுமையாகும். சில முதியவர்கள் தம் நிலையை அறிய விரும்பாமலே இருக்கலாம், அவ்விருப்பமும் மதிக்கத்தக்கதே. எனினும், ‘நம் பண்பாட்டில் இறப்பைப் பற்றிப் பேசுவதில்லை’ என்று மருத்துவப் பணியாளரிடம் நம்மவர் கூறும்போது, அது முழு உண்மையன்று என்பதைத் தமிழியல் ஆய்வாளர் சொல்லக் கடமைப்பட்டுள்ளனர். நம் இலக்கியம் இறப்பைப் பற்றி நிறையவே பேசியுள்ளது. இறப்பவரே பேசியும் உள்ளார்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று முடிவுகளை எய்தலாம். முதலாவது, தமிழில் முதுமை இலக்கியத்தை நிலையாமை என்னும் ஒரே கோணத்தில் அணுகுவது, முதியவரே பேசும் பனுவல்களின் தனித்தன்மையை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, அப்பனுவல்களில் நம்பிக்கையின் பொருள் காலத்தைவிட இடத்தையே மிகுதியும் சார்ந்துள்ளது. சோழன் நண்பனுக்கும், தொடித்தலை விழுத்தண்டினார் கேட்போருக்கும், கௌரிப் பாட்டி பேத்திக்கும், மங்கத்தாயாரு அம்மாள் ஒரு குடியின் வரலாற்றுக்கும் இடம் தருகின்றனர். அப்பருக்கு, தேடிய இடம் தாம் முன்பே அறிந்த ஊராகவே அமைகிறது. புதுமைப்பித்தனின் கிழவி மட்டும் தன் இடத்தையே விட்டுத்தர மறுக்கிறாள். அம்மறுப்பும் இம்மரபுக்கு உரியதே. மூன்றாவது, நம்பிக்கையும் நசையும் ஒரு வேரின என்னும் தொல்காப்பியக் குறிப்பு, இன்றைய மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றுக்கு வழிகாட்டுகிறது. இறுதிப் பருவத்திலுள்ள தமிழ் முதியவரிடம் நம்பிக்கையைப் பற்றி வினவ விரும்பும் மருத்துவப் பணியாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும், ‘யாரைப் பார்க்க வேண்டும்? என்ன செய்து முடிக்க வேண்டும்? எது நடக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது?’ என்னும் எளிய வினாக்கள் ‘நம்பிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லைவிடப் பயன்படும்.

புலம்பெயர் நாடுகளில் முதியோரின் வாய்மொழிகளைப் பதிவுசெய்யும் முயற்சிகள் பெரும்பாலும் கடந்தகாலத்தையே கேட்கின்றன: ஊர், போர், பயணம், குடியேற்றம். அவை தேவையானவை. அப்பதிவுகளில் எதிர்காலம் பற்றிய வினா ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். தொண்ணூறு வயதினர் ஒருவரிடம் இனி எதை எதிர்நோக்குகிறீர்கள் என்று கேட்பது முறையற்றதன்று. அவ்வினாவுக்குத் தமிழ்ச் சான்றோர் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறியுள்ளனர். இன்றைய முதியோரின் விடைகளை அவற்றோடு ஒப்பிட்டு ஆராய்வது, தமிழியலும் முதுமையியலும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும். விடை கூறக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.